குட்டியானை பின்னாடி முட்டியாச்சு: வெளிய கீறல்தான், உள்ள என்னென்ன பாக்கணும்?

நொய்யல்கரை:

வணக்கமுங்க. திங்கக்கெழம சாயங்காலம் அவினாசி ரோட்டுல முன்னாடி போன குட்டியானை (சின்ன லோடு வண்டி) சடன் பிரேக் போட்டதுல, நம்ம வண்டி மூஞ்சி அதோட தொட்டிக்குப் பின்னாடி போய் முட்டிருச்சுங்க. வேகம் 15, 20க்குள்ளதான் இருக்கும். பின்னால வந்த காரும் டிக்கிப் பக்கம் ஒரு இடி குடுத்துருச்சு. யாருக்கும் அடியில்லை, ஏர்பேக் வெடிக்கலை.

வண்டி 1200 சிசி பெட்ரோல் ஹேட்ச்பேக், கம்பெனிலயே சிஎன்ஜி வெச்சு வந்தது, நாலாவது வருசம் ஓடுது. வெளிய பாத்தா முன் பம்பர்ல கீறல், நம்பர் பிளேட் மடங்கிருக்கு, அவ்வளவுதான். பானட் மட்டும் முன்ன மாதிரி விட்டதும் மூடறதில்லை, கையை வெச்சு அமுத்தணும். பின் பம்பர்ல ஒரு ரூபாய் அகலத்துக்குப் பெயிண்ட் போயிருக்கு.

பக்கத்துல இருக்கற பட்டறைல 6 ஆயிரத்துல முடிச்சுக் குடுக்கறேங்கறாங்க. சனிக்கெழம திம்பம் மலைப்பாதை வழியா மைசூரு போகணும். அதுக்குள்ள வீட்டு வாசல்லயே என்ன பாக்கலாம், பட்டறைல என்ன பாக்கச் சொல்லணும், இன்சூரன்சு போடறதா கைக்காசு குடுக்கறதான்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

டிங்கர்பட்டறை_திருப்பூர்:

6 ஆயிரம்னு சொன்னவரு பம்பருக்கு வெளிய இருக்கறத வெச்சுச் சொல்லிருக்காருங்க. கழட்டாம அதுக்கு மேல சொல்லவும் முடியாது. இப்ப வர்ற பம்பர் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக். அமுங்கும், அடுத்த நொடியே பழைய எடத்துக்கு வந்து நின்னுக்கும். பின்னாடி இருக்கற இரும்பும் அலுமினியமும் அப்படி வராது.

உங்க கேசுல முட்டுனது குட்டியானைல. பிரேக் போட்டதும் கார் மூக்கு கீழ எறங்கும், எதிர்ல தொட்டி உசரம். அதனால இடியைத் தாங்கறதுக்குன்னே பம்பருக்குள்ள வெச்சிருக்கற கிராஷ் பீம் தொட்டிக்கு அடியில பூந்து சும்மா இருந்துக்கும். அடி முழுக்க அதுக்கு மேல விழும்: கிரில், ஹெட்லைட் காது, ரேடியேட்டருக்கு முன்னாடி நிக்கற ஏசி கண்டென்சரோட மேல்பாதி, பானட் லாக் மாட்டிருக்கற மேல் குறுக்குப் பட்டை. பானட்டை அமுத்தி மூடறதா சொன்னீங்களே, அந்தப் பட்டை பின்னாடி தள்ளிப் போயிருக்கும்னு நெனக்கறேன்.

மொதல்ல பானட்டோட ரெண்டாவது கொக்கியைப் பாருங்க. உள்ள லீவரை இழுத்தா பானட் ஒரு விரல்கடை எந்திரிச்சு கொக்கியில நிக்கணும். நிக்காம அப்படியே தெறந்துக்கிச்சுன்னா வண்டிய ரோட்டுக்கே எடுக்காதீங்க. 80ல போறப்ப மொத லாக் விட்டுச்சுன்னா பானட் வந்து கண்ணாடிய மறைக்கும்.

அடுத்து இடைவெளி. கண்ணுல பாத்து ஏமாறாதீங்க. 3, 4, 5, 6 மில்லிமீட்டர் ட்ரில் பிட் எடுத்து, வழுவழுன்னு இருக்கற அடிப்பக்கத்துக்கு ஒரு சுத்து மாஸ்கிங் டேப் ஒட்டி, பானட்டுக்கும் பெண்டருக்கும் (முன்சக்கரத்துக்கு மேல இருக்கற பக்கத்தகடு) நடுவுல, பானட்டுக்கும் ஹெட்லைட்டுக்கும் நடுவுல விட்டுப் பாருங்க. இடது பக்கம் எந்த பிட் நுழையுதோ அதே பிட் வலது பக்கம் அதே எடத்துலயும் நுழையணும். ஒன்றரை ரெண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தா ஏதோ நகந்திருக்கு. முன்கதவுக்கும் பெண்டருக்கும் நடுவுலயும் மேல, நடுவுல, கீழன்னு மூணு எடம் பாருங்க. மேல குறுகி கீழ அகண்டிருந்தா விசயம் பெருசு.

அப்பறம் போல்ட்டு. பானட்டைத் தெறந்தா பெண்டர் ஓரத்துல வரிசையா போல்ட்டு தலை தெரியும், பானட் கீல்லயும் இருக்கும். கம்பெனில போல்ட்டை மாட்டுனதுக்கு அப்பறம்தான் பெயிண்ட் அடிப்பாங்க. அதனால தலையும் வாஷரும் தகடும் ஒரே பெயிண்ட்டுல ஒட்டிக்கிட்டு இருக்கும். தகடு நகந்திருந்தா வாஷருக்கு ஒரு பக்கமா பிறை மாதிரி மெல்லிசா வெறும் இரும்போ ப்ரைமரோ தெரியும். டார்ச்சைச் சாய்ச்சு அடிச்சாத்தான் அது கண்ணுக்குப் படும். பிறை எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கமாத்தான் தகடு போயிருக்குன்னு அர்த்தம். தலையில ஸ்பேனர் தடம் இருந்தா யாரோ முன்னாடியே கழட்டியிருக்காங்க, அதையும் இந்த இடியையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

உள்ள ஸ்ட்ரட் டவர்ல (முன் ஷாக் அப்சார்பரோட மேல்முனை மாட்டிருக்கற எடம்) இருந்து ஹெட்லைட் வரைக்கும் ஓடற அப்ரான் தகட்டுல பிசின் மாதிரி சீலர் பூசிருப்பாங்க. அது வெடிச்சிருக்கா, தகட்டுல சேலை மடிப்பு மாதிரி அலை இருக்கான்னு பாருங்க. சேசிஸ் லெக்ல (பம்பருக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் நீளவாக்குல ஓடற சட்டம்) கம்பெனியே வெச்ச பள்ளம் இருக்கும், இடில மொதல்ல அங்கதான் மடங்கணும்னு வெக்கறது. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தா அது டிசைன். ஒரு பக்கம் மட்டும் கூர்மையா மடங்கிருந்தா அடி. ரெண்டு பக்கத்தையும் ஒரே கோணத்துல போட்டோ எடுத்துப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா தெரிஞ்சிரும்.

ஹெட்லைட்டை ரெண்டு கையிலயும் புடிச்சு மெதுவா ஆட்டிப் பாருங்க. ஆடுச்சுன்னா காது ஒடஞ்சிருச்சு. காது ஒடஞ்ச லைட்டு வெளிய புதுசாட்டத்தான் இருக்கும், ராத்திரில எதிர்க்க வர்றவன் கண்ணுல அடிக்கும். சமதரையில செவுத்துக்கு 5 மீட்டர் தள்ளி நிறுத்தி லோ பீம் போடுங்க. வெளிச்சத்தோட மேல்விளிம்பு பல்பு உசரத்துக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் கீழ, ரெண்டு பக்கமும் ஒரே மட்டத்துல விழணும்.

கூலண்ட் இன்னைக்கு ராத்திரியே பாக்க வேண்டியது. வண்டி ஆறுனதுக்கு அப்பறம் டப்பாவுல மட்டத்துக்கு மார்க்கர்ல ஒரு கோடு போடுங்க. என்ஜினுக்கு அடியில பழைய அட்டைப்பெட்டிய விரிச்சு வெச்சிருங்க. காலைல கோடு எறங்கிருக்கா, அட்டைல கறை இருக்கான்னு பாருங்க. சூட்டோட ரேடியேட்டர் மூடிய மட்டும் தெறந்துப்புடாதீங்க. ஏசி போட்டு ஃபேன் சுத்தறப்ப கூட்டுல உரசற சத்தம் வருதான்னும் காது குடுத்துக் கேளுங்க.

இதுக்கு மேல பாக்கணும்னா பம்பர் எறங்கணும். மேல ஏழெட்டு கிளிப், வீல் ஆர்ச்சுல பக்கத்துக்கு ஒரு ஸ்க்ரூ, அடியில நாலஞ்சு. ரெண்டு பேர் இருந்தா அரை மணி நேரம். நாலு வருச கிளிப்ல பாதி ஒடையும், புதுசு பத்து வாங்கி வெச்சுக்குங்க. ஃபாக் லேம்ப் ஒயரைப் புடுங்காம இழுத்துராதீங்க. கழட்டினதும் பீமையும் லெக்கையும் சேக்கற ரெண்டு கிராஷ் கேனையும் டேப் வெச்சு அளங்க. ஒண்ணு 5 மில்லிமீட்டர் குட்டையா இருந்தாலும் அது வேலை செஞ்சு முடிச்சுருச்சு, புதுசுதான் போடணும். கேஸ் வெச்சுப் பழுக்கக் காய்ச்சி நிமித்தறேன்னா வேண்டாம்னுருங்க. அது உறுதி கூட்டுன எஃகு, சூடு பட்டா அந்த உறுதி போயிரும். மேல் குறுக்குப் பட்டையும் அப்படித்தான். அதையும் பீமையும் உக்கடத்துப் பழைய சாமான் கடைல வாங்கறதா இருந்தா, அதுவும் அடிபட்ட வண்டில இருந்து வந்ததான்னு சமதரையில வெச்சுப் பாத்து வாங்குங்க.

சர்வே_ஈரோடு:

மேலே சொன்னதில் ஒன்றை மட்டும் நிறுத்தி வையுங்கள். க்ளெய்ம் போடும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், சர்வேயர் பார்க்கும் முன் பம்பரைக் கழற்றக் கூடாது. முதலில் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல், பிறகு சர்வே, அதற்குப் பிறகு கழற்றல். கழற்றியபின் உள்ளே புதிதாகத் தெரிவதற்குப் பட்டறை துணை எஸ்டிமேட் போடும். சர்வேயர் மறுபடி வந்து பார்ப்பார். முதல் எஸ்டிமேட்டிலேயே "உள் சேதம் கழற்றிய பின்" என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். முன்பக்கம், பின்பக்கம் இரண்டு இடியும் ஒரே சம்பவம் என்பதையும் தகவல் படிவத்திலேயே எழுதிவிடுங்கள். பின்பக்கத்தை விட்டுவிட்டு அப்புறம் சேர்க்கப் போனால் கேள்வி வரும்.

பாலிசியின் நிபந்தனைப் பக்கத்தைப் படித்துப் பாருங்கள். பழுது பார்க்கும் முன் வண்டியை ஓட்டி அதனால் சேதம் கூடினால், கூடிய சேதம் உங்கள் பொறுப்பு. கூலண்ட் கசிவோடு திம்பம் ஏறி, சூடேறி ஹெட் கேஸ்கெட் போனால் கண்டென்சருக்கு மட்டும் பணம் வரும், என்ஜினுக்கு வராது.

கைக்காசா க்ளெய்மா என்பது கணக்கு. உங்களுக்கு இப்போது நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் இல்லாத வருடங்களுக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) 35 சதவீதம் இருக்க வேண்டும். க்ளெய்ம் இல்லாவிட்டால் அடுத்து 45, அதற்கடுத்து 50. போட்டால் அடுத்த வருடம் பூஜ்யம், பிறகு 20, 25, 35, 45 என்று மறுபடி ஏறி வர வேண்டும். சொந்தச் சேதத்துக்கான பிரீமியம், போனஸ் கழிக்கும் முன், 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வரிசைக்கும் உள்ள வித்தியாசம்தான் இழப்பு: வருடா வருடம் 4,050, 2,700, 2,250, 1,350, 450. மொத்தம் 10,800. இதோடு கட்டாயமாகக் கழிக்கும் 1,000 ரூபாய். 1500 சிசி வரை அதுதான். ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் கவர்) இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களில் பாதி விலை உங்கள் கையில். உலோகப் பாகங்களுக்கு மூன்று முடிந்து நாலாவது வருடம் ஓடும் வண்டியில் 25 சதவீதம் கழியும். கண்ணாடிக்குக் கழிவில்லை. பம்பர் பெயிண்டுக்கு மட்டும் க்ளெய்ம் போடுவது நட்டம். கண்டென்சர், ரேடியேட்டர், ஹெட்லைட், குறுக்குப் பட்டை என்று சேர்ந்தால் லாபம்.

அலைன்மெண்ட்_காங்கேயம்:

வீல் அலைன்மெண்ட் பண்ணச் சொல்லாதீங்க, அளக்கச் சொல்லுங்க. ரெண்டும் வேற. கைய வெக்கறதுக்கு முன்னாடி எடுத்த பிரிண்ட்தான் உங்களுக்கு வேணும்.

காரணம்: பெரும்பாலான சின்ன கார்ல முன்பக்கம் மாத்தக்கூடியது டோ (மேல இருந்து பாத்தா சக்கரம் உள்ளயோ வெளியவோ திரும்பிருக்கற அளவு) மட்டும்தான். கேம்பரும் (முன்னாடி இருந்து பாத்தா சக்கரத்தோட சாய்வு) கேஸ்டரும் (பக்கத்துல இருந்து பாத்தா ஸ்டியரிங் அச்சோட சாய்வு) கம்பெனி வெச்சது. கேம்பர் அளவு மீறி பிரிண்ட்ல செவப்புல வந்துச்சுன்னா ஏதோ ஒண்ணு வளைஞ்சிருக்கு. அதை விட்டுட்டு டை ராடை (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோட சேக்கற கம்பி) திருப்பி ஸ்டியரிங்கை நேராக்கிக் குடுத்துட்டாங்கன்னா வண்டி நேராப் போற மாதிரித்தான் இருக்கும். டயர் உள்விளிம்பு மட்டும் மொழுமொழுன்னு தேயும்.

இடது வலது கேம்பர் வித்தியாசம் அரை டிகிரிக்கு மேல போனா முன்னாடி இருந்து பாக்கறப்ப ஸ்டியரிங் அச்சோட சாய்வையும் எடுக்கச் சொல்லுங்க. அதையும் கேம்பரையும் கூட்டுனா வர்ற எண் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்து கேம்பர் மட்டும் மாறுனா, லோயர் ஆர்மோ, சப்ஃப்ரேமோ, ஸ்ட்ரட் டவரோ நகந்திருக்கு. கூட்டுன எண்ணே மாறுனா நக்கிள் (சக்கரத்தைத் தாங்கற துண்டு) இல்லைன்னா ஸ்ட்ரட் வளைஞ்சிருக்கு. இதைப் பாக்காம ஒவ்வொரு சாமானா மாத்திப் பாத்தா காசுதான் போகும்.

வீட்டுல அளக்கறதுக்குக் கொத்தனாரோட தூக்குக்குண்டு போதும். சிமெண்ட் தரையில வண்டிய நேரா நிறுத்தி ஸ்டியரிங்கை நேரா வெச்சு, முன்வீல் நடுவுல இருந்து பின்வீல் நடு வரைக்கும் ரெண்டு பக்கமும் அளங்க. அஞ்சாறு மில்லிமீட்டருக்கு மேல வித்தியாசம்னா கேள்வி கேக்கணும். அப்பறம் அடியில இடது வலது ஒரே மாதிரி இருக்கற ஓட்டைய முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு தேர்ந்தெடுத்து, குண்டை விட்டு, தரையில சாக்பீஸ்ல புள்ளி வெச்சு, வண்டியத் தள்ளிட்டு மூலைக்கு மூலை அளங்க. ரெண்டு மூலைவிட்டமும் ஒண்ணா வரணும். நூலு ஆடறது நிக்கற வரைக்கும் பொறுமையா இருங்க, அவசரப்பட்டா 5 மில்லிமீட்டர் அங்கயே தப்பிப் போயிரும். ஜாக்கில தூக்கி வெச்சு இந்த வேலையப் பண்ணாதீங்க, வண்டி தரையில நிக்கறப்பத்தான் கணக்கு.

சிறுவாணி_கேஸ்:

எல்லாரும் முன்னாடியே நிக்கறீங்க. பின்னாடி சிஎன்ஜி சிலிண்டர் இருக்குங்க, அதுல 200 பார் அழுத்தம்.

சிலிண்டர் வால்வை மூடிட்டு டிக்கி விரிப்பை எடுங்க. சிலிண்டரைக் கட்டிருக்கற பட்டையோட போல்ட்டுலயும் மேல சொன்ன மாதிரி பிறை தெரியுதான்னு பாருங்க. ஸ்டாண்டு தரைத்தகட்டுல நகந்த தடம், சிலிண்டர் மேல நசுக்கு, ஆழமான கீறல், இதுல எது இருந்தாலும் அங்கீகாரம் இருக்கற சோதனை மையத்துக்குத்தான் போகணும். மூணு வருசத்துக்கு ஒருக்கா ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணி அழுத்தச் சோதனை) பண்ண தேதி பிளேட்ல இருக்கும், உங்களது நாலாவது வருசம், ஆச்சான்னு அதையும் பாத்துருங்க. ஒண்ணும் இல்லைன்னா வால்வைத் தெறந்து, பாத்திரம் கழுவற சோப்பைத் தண்ணில கரைச்சு, வால்வு மூட்டு, பைப் மூட்டு எல்லாத்துலயும் பிரஷ்ல தடவுங்க. ஒரு நிமிசம் பொறுத்துப் பாருங்க. சின்னக் கசிவுக்கு சோப்பு முட்டை பெருசா வராது, வெள்ளையா நுரை கட்டும். கட்டுச்சுன்னா வால்வை மூடுங்க. அழுத்தம் இருக்கறப்ப ஸ்பேனர் போட்டு முறுக்கவே கூடாது.

டிக்கித் தரைல ஓரம் சேர்ற எடத்துல சீலர் வெடிச்சிருக்கா, தகட்டுல மடிப்பு இருக்கான்னு விரலால தடவிப் பாருங்க. டிக்கிக் கதவை மூடி ட்யூப் தண்ணிய அஞ்சு நிமிசம் ஊத்தி உள்ள ஈரம் வருதான்னும் பாக்கணும். இப்ப விட்டா மழைக்காலத்துல அடியில துரு புடிக்கும். சைலன்சர் ரப்பர் தொங்கறது, பார்க்கிங் சென்சார் உள்ள அமுங்கறது எல்லாம் சின்ன விசயம்.

சீட் பெல்ட்டை யாரும் சொல்லலை. நாலு பெல்ட்டையும் கடைசி வரைக்கும் இழுத்து, ஓரத்துல நூலு பிரிஞ்சிருக்கா, துணி அலையா இருக்கான்னு பாருங்க. விட்டா தானா சுருளணும், வெடுக்குன்னு இழுத்தா புடிக்கணும். சாவி போட்டதும் ஏர்பேக் லைட்டு எரிஞ்சு சில நொடில அணையணும். எரியவே இல்லைன்னாலும் கோளாறுதான், அணையலைன்னாலும் கோளாறுதான். ப்ளூடூத்துல மாட்டற மலிவு ஓபிடி டாங்கிள் (வண்டியோட கோளாறு கோடைப் படிக்கற கருவி) பெரும்பாலும் என்ஜின் கோடைத்தான் காட்டும். ஏர்பேக், ஏபிஎஸ் படிக்கற ஸ்கேனர் இருக்கற எடத்துல பாருங்க. கோடை அழிக்கறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துக்குங்க.

நொய்யல்கரை:

எல்லாருக்கும் நன்றிங்க. பாத்தது இது. தகவல் ஆப்புல பதிஞ்சாச்சு, ரெண்டு இடியும் எழுதிட்டேன். பம்பரைத் தொடலை.

ட்ரில் பிட்: பானட்டுக்கும் ஹெட்லைட்டுக்கும் இடது 4, வலது 6. கதவுப் பக்கம் ரெண்டும் 4தான். பெண்டர் போல்ட்டுல பிறை இல்லை, பானட் லாக் பட்டையோட வலது போல்ட்டு ரெண்டுலயும் தெளிவாத் தெரியுது. வலது லைட்டு ஆடுது. ரெண்டாவது கொக்கி புடிக்குது. வீல் நடுவுல இருந்து நடுவுக்கு 2 மில்லிமீட்டர் வித்தியாசம். அலைன்மெண்ட் பிரிண்ட்ல கேம்பர் இடது மைனஸ் 15 நிமிடம், வலது மைனஸ் 25 நிமிடம். சிலிண்டர்ல பிறையும் இல்லை நுரையும் இல்லை. ஏர்பேக் லைட்டு சரியா அணையுது.

கூலண்ட் ராத்திரி ஒண்ணும் எறங்கலை, அட்டை காஞ்சேதான் இருந்துச்சு. ஆனா பகல்ல 30 கிலோமீட்டர் ஓட்டி ஆறுனதுக்கு அப்பறம் கோட்டுக்கு அரை விரல் கீழ போயிருச்சு. கீழ ஒரு சொட்டு இல்லை. ஏசியும் முன்ன மாதிரி குளிரலைங்க.

அலைன்மெண்ட்_காங்கேயம்:

10 நிமிடம்ங்கறது ஒரு டிகிரில ஆறுல ஒரு பங்கு. ஒண்ணுமில்லை. சேசிஸ், சஸ்பென்சன் தப்பிச்சுருச்சு. கதவு இடைவெளியும் அதைத்தான் சொல்லுது.

டிங்கர்பட்டறை_திருப்பூர்:

பட்டை வலது பக்கம் பின்னாடி போயிருச்சு, வலது லைட்டு காது ஒடஞ்சிருக்கு, அதுதான் அந்த 6.

கூலண்ட் நின்னா எறங்கறதில்லை, ஓட்டுனா எறங்குதுன்னா அழுத்தம் ஏறுனாத்தான் கசியுது. ரேடியேட்டர்ல அலுமினிய நடுப்பாகமும் பிளாஸ்டிக் தொட்டியும் சேர்ற எடத்துல மயிரிழை விரிசல் இருக்கும். சூட்டுல கசியறது அங்கயே ஆவியாப் போயிரும், கீழ வராது. அந்தத் தொட்டி ஓரத்துல வெள்ளையாவோ, கூலண்ட் நெறத்துலயோ காஞ்ச தடம் இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. பட்டறைல கைப்பம்பு வெச்சு, மூடில எழுதிருக்கற அழுத்தம் வரைக்கும் ஏத்தச் சொல்லுங்க. பெரும்பாலும் 0.9ல இருந்து 1.1 பாருக்குள்ள இருக்கும், அதுக்கு மேல ஏத்த வேண்டாம். 15 நிமிசம் முள்ளு எறங்காம நிக்கணும். எம்சீல் அப்பித் தர்றேன்னா ஒத்துக்காதீங்க, அது அந்த அழுத்தத்துல நிக்காது.

ஏசிக்கு வெறும் கேஸ் மட்டும் ஏத்திக்கிட்டு வந்துராதீங்க, ரெண்டு வாரத்துல மறுபடி போயிரும். கண்டென்சர்ல எண்ணெய்ப் பிசுக்கோட தூசி ஒட்டிருக்கற எடம்தான் ஓட்டை. மாத்துனா ஓரிங்கும் ட்ரையரும் சேத்துப் புதுசு, அரை மணி நேரமாவது வேக்கம், அப்பறம் பானட்டுக்கு அடியில ஸ்டிக்கர்ல போட்டிருக்கற கிராம் கணக்குல கேஸ். குறுக்குப் பட்டைய மாத்துனதுக்கு அப்பறம்தான் புது ரேடியேட்டரை ஏத்தணும். வளைஞ்ச பட்டைல மாட்டுனா புதுசும் முறுக்கிக்கிட்டே நின்னு அதே எடத்துல விடும்.

சர்வே_ஈரோடு:

அப்படியானால் க்ளெய்ம்தான். குறுக்குப் பட்டை, வலது ஹெட்லைட், பானட் லாக் முதல் எஸ்டிமேட்டில். ரேடியேட்டர், கண்டென்சர், பீம் மூன்றும் கழற்றிய பின் துணை எஸ்டிமேட்டில். அழுத்தச் சோதனையை முள் தெரிய வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகங்களை சர்வேயர் மறுபடி வந்து பார்க்கும்வரை பட்டறையிலேயே வைத்திருக்க வேண்டும். கழற்றிப் பார்த்து ரேடியேட்டரும் கண்டென்சரும் நல்லதாகவே இருந்து தொகை 10 ஆயிரத்துக்குள் அடங்கினால், பணம் வாங்கும் முன் க்ளெய்மைத் திரும்பப் பெறலாம். போனஸ் நிற்குமா என்று கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு செய்யுங்கள்.

நொய்யல்கரை:

சரிங்க. நாளைக்குக் காலைல சர்வேயர் வர்றேன்னு சொல்லிருக்காரு. வண்டிய அங்கயே விட்டுட்டு மைசூருக்கு பஸ்ஸுலயே போயிக்கறோம்.